ஊதினால் திறக்கும்

"அடையாளம் தெரியவில்லை" என்றது பூட்டு.

மாமியார் தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். பிறகு, இதற்கெல்லாம் காரணகர்த்தாவான மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"என்னைத் தெரியலைங்குதா?"

"உங்களை இல்ல அத்தை. ரேகை சரியாப் படியலை. நல்லா அழுத்தி இன்னொரு தடவை வைங்க."

மாமியார் பூட்டை உள்ளே தள்ளிவிடுகிற மாதிரி அழுத்தினார்.

"அடையாளம் தெரியவில்லை."

கோபமும் இல்லை, கனிவும் இல்லை, அப்படி ஒரு பெண்குரல். விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து "அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லிச் சொல்லிப் பழகியவர்களுக்குத் தானாக வந்துவிடுகிற குரல்.

"பொண்ணைப் பெத்துக் கொடுத்தவளைத் தெரியலையாம், போன வாரம் வந்த பூட்டுக்கு! நான் இப்படியே திரும்பிப் போயிடட்டுமா?"

போக முடியாது. மாமியார் வீட்டில் தரையையெல்லாம் பெயர்த்துப் போட்டு வேலை நடக்கிறது. அது முடிகிறவரை மாமியாரும் மாமனாரும் மகள் வீட்டில்தான். மகள் வேலைக்குப் போகிறவள், மாப்பிள்ளையும் அப்படியே. மாமியார் காய்கறிக்கும் காலாற நடக்கவும் வெளியே போய் வர வேண்டும். அதற்கு இந்தப் பூட்டு அவரை மனுஷியாக மதிக்க வேண்டும்.

மாப்பிள்ளை கைரேகைப் பூட்டு விற்கிற கடையில் விற்பனையாளர். அவருக்கு அந்தப் பூட்டின் மேல் இருந்தது வெறும் வியாபாரப் பிரியம் இல்லை, பக்தி. சில சாயங்காலங்களில் தன் விரல் நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவார். சுழியும் வளைவுமாக எத்தனை கோடு! இதுவரை பிறந்தவர்கள், இனிமேல் பிறக்கப் போகிறவர்கள், யார் விரலிலும் இதே கோலம் இல்லை என்கிறார்களே! கட்டைவிரல் அகலத்துக்குள் இவ்வளவு பெரிய சங்கதியை எழுதி வைத்தது யார்? அதைப் படிக்கிற கண்ணாடியைக் கண்டுபிடித்த மகராசன் யார்? நினைக்க நினைக்க அவருக்குப் புல்லரிக்கும். கையிலிருக்கும் காபி ஆறிப்போகும்.

அந்தப் பக்திக்குத்தான் இப்போது சோதனை. எதிர்வீட்டில் இருப்பவர் இந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர். எல்லா வீட்டுக்கும் கைரேகைப் பூட்டு போடலாமா என்று சங்கத்தில் யோசிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை செயலாளர் இந்த வாசலுக்கே வந்து சோதித்துப் பார்ப்பதாக ஏற்பாடு. கடை முதலாளியும் கூட வருகிறார். அவர் மாப்பிள்ளையிடம் சுருக்கமாகச் சொல்லியிருந்தார்: "இந்த ஆர்டர் வந்தா கடை நிக்கும். கடை நின்னா நீயும் நிப்பே."

மாப்பிள்ளை கைபேசியில் சர்வீஸ்காரரைக் கூப்பிட்டார். பூட்டு சம்பந்தமாக அவருக்குத் தெரியாதது கிடையாது. அதைச் சொல்லி முடிக்கத்தான் அவருக்குத் தெரியாது.

"வயசானவங்க விரல் காய்ஞ்சு இருக்கும் சார். காய்ஞ்ச விரல்ல ரேகை எடுக்காது. வாயால ஊதிட்டு வைக்கச் சொல்லுங்க. கொஞ்சம் ஈரம் பட்டாப் போதும்."

மாப்பிள்ளை கதவைச் சாத்தினார். "அத்தை, ஊதிட்டு வைக்கணுமாம்."

"ஊதறதுதானே?" என்றார் மாமியார்.

இது அவருக்குக் கைவந்த கலை. நாற்காலியில் உட்காருமுன் ஊதுவார். மூக்குக்கண்ணாடியை ஊதுவார். ஆறிப்போன காபியையும் ஒரு மரியாதைக்காக ஊதுவார். விரலை ஊதச் சொல்கிறார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? குனிந்து, பூட்டுக்கு நேராக வாயைக் கொண்டுபோய், நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, "ஃபூ!" என்று ஒரே ஊது.

க்ளிக்.

கதவு விலகி நின்றது.

மாமியாரின் விரல் பூட்டைத் தொடவே இல்லை. அது இன்னும் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை குனிந்து பூட்டைப் பார்த்தார். பூட்டு ஒன்றும் சொல்லவில்லை. ரேகை பொருந்தினால் "நல்வரவு" என்று சொல்லும், பொருந்தாவிட்டால் "அடையாளம் தெரியவில்லை" என்று சொல்லும், அதன் அகராதியில் இருப்பது இவ்வளவுதான். இப்போது இரண்டுமே சொல்லாமல் கம்மென்று திறந்துவிட்டது.

"பார்த்தீங்களா" என்றார் மாமியார். "ஒரு அதட்டுப் போட்டா வாயை மூடிக்கிட்டுத் திறக்குது."

சத்தம் கேட்டு மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். நடந்ததை மாப்பிள்ளை மூச்சிரைக்கச் சொன்னார்.

"இதுல என்ன அதிசயம்? அம்மா எதையுமே ஊதித் தள்ளிடுவா" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மாமனாரிடம் யாரும் கேட்கவில்லை. வாழ்க்கையில் தான் பேச வேண்டியதையெல்லாம் மனைவிக்கு விட்டுக்கொடுத்துவிட்ட மனிதர் அவர். வந்த அன்றைக்கே ஒரு நாற்காலியைக் கதவுக்குப் பின்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அங்கேதான் ஜன்னல் வெளிச்சம் பேப்பர் படிக்கத் தோதாக விழுகிறது. கதவைத் திறந்தால் அவர் அதன் பின்னால் மறைந்துபோவார், சாத்தினால் மறுபடி தெரிவார். போதாதற்குக் காது மந்தம். அழைப்புமணி அலறினாலும் ஒரு பக்கம் படித்து முடித்துத்தான் நிமிர்வார். பூட்டில் விரல் வைக்கக் கூப்பிட்டபோது, "நான் எங்க வெளியே போகப் போறேன்?" என்றார். அவர் கணக்குக்கு அது நீண்ட சொற்பொழிவு.

மறுநாள் கடைக்குப் போனதும் மாப்பிள்ளை சர்வீஸ்காரரைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார்.

"ஊதினா திறக்குமாய்யா?"

சர்வீஸ்காரர் ஆச்சரியப்படவே இல்லை. அதுதான் மாப்பிள்ளைக்கு அதிர்ச்சி.

"சில பழைய மாடல்கள்ல திறக்கலாம் சார். கடைசியா நீங்க விரல் வெச்சீங்கல்ல? உங்க விரல் எண்ணெய் கண்ணாடியில அப்படியே இருக்கும். மேல ஈரமூச்சு பட்டா அந்த ரேகை எழும்பிடும். பூட்டு, உங்க விரல்தான் வந்திருக்குன்னு ஏமாந்துடும்."

"அப்போ திறந்தது அத்தை இல்லையா?"

"நீங்கதான் சார். உங்க ஆவி."

"வேற என்னென்ன பண்ணலாம்?" என்று கேட்டார் மாப்பிள்ளை. கேட்டிருக்கவே கூடாது.

சர்வீஸ்காரர் சொல்லிக்கொண்டே போனார். டம்ளரில் பதிந்த ரேகையை ஒட்டுநாடாவில் எடுக்கலாம். பசையில் விரல் அச்சு வார்க்கலாம். ஆள் தூங்கும்போது விரலைப் பிடித்து வைக்கலாம், அதற்குப் பசைகூட வேண்டாம். "சாவின்னா சட்டைப் பையில வெச்சுக்கறோம் சார். ரேகையை? தொட்ட இடத்துல எல்லாம் விட்டுட்டுப் போறோம். சாவி தொலைஞ்சா பூட்டை மாத்தலாம். ரேகை தொலைஞ்சா விரலை மாத்த முடியுமா?"

மாப்பிள்ளை தான் சாய்ந்திருந்த கண்ணாடி மேசையிலிருந்து மெல்லக் கையை எடுத்தார். பத்து சாவிகள் அதில் பளபளவென்று பதிந்திருந்தன. அவர் அன்றைக்கு முழுக்க எதையும் முழங்கையால்தான் தள்ளினார்.

"இதுக்கு என்ன வழி?"

"உபயோகிச்சதும் துடைச்சிடுங்க சார். சிம்பிள்."

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை மெல்லிய துணியும் கண்ணாடி துடைக்கிற திரவமுமாக வாசலில் உட்கார்ந்தார். துடைத்தார், மறுபடி துடைத்தார், சாய்த்துப் பார்த்து மறுபடி துடைத்தார். ரேகை என்ன, ரேகையின் நிழல்கூட இல்லை. கதவைச் சாத்தினார்.

"அத்தை, ஒரே ஒரு தடவை ஊதுங்க."

மாமியார் அலட்சியமாக ஊதினார்.

க்ளிக்.

மாப்பிள்ளை படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். எழும்புவதற்கு அங்கே ரேகையே இல்லை. அப்படியானால் எழும்பியது என்ன?

மாமியாருக்கும் அப்போதுதான் முதல்முறையாக உள்ளுக்குள் என்னவோ செய்தது. தன் உள்ளங்கையில் மெதுவாக ஊதிப் பார்த்துக்கொண்டார். "இனிமே பேங்க் பக்கம் போனா மூக்கையும் வாயையும் பொத்திக்கிட்டுத்தான் போகணும் போல" என்றார், பாதி விளையாட்டாக.

அதற்கு அடுத்த நாள் மழை. மாப்பிள்ளை நனைந்துகொண்டே வந்து வாசலில் நின்று கட்டைவிரலை வைத்தார்.

"அடையாளம் தெரியவில்லை."

கைக்குட்டையில் துடைத்தார். கைக்குட்டையும் ஈரம். மறுபடி வைத்தார், ஆள்காட்டி விரலை வைத்தார், இடது கையை வைத்தார். சட்டையில் தேய்த்தார், தலைமுடியில் தேய்த்தார். கடைசியில் பூட்டுக்கே வெறுத்துப்போனது.

"முயற்சிகள் முடிந்தன. சிறிது நேரம் காத்திருக்கவும்."

தான் விற்ற பூட்டு. தன் வீடு. தன் விரல். அழைப்புமணியை அழுத்தினார். மனைவி இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. உள்ளே பேப்பர் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. "மாமா!" என்று கத்தினார். காது மந்தமானவரைக் குறை சொல்லி என்ன பயன்?

சர்வீஸ்காரரைக் கூப்பிட்டார்.

"அந்த நேரத்துல கடவுளே விரல் வெச்சாலும் திறக்காது சார். கொஞ்சம் பொறுத்துக்கங்க."

படியேறி மாமியார் வந்தார். கையில் காய்கறிப் பை, மறுகையில் சொட்டும் குடை. கடைசிப் படியில் நின்று, பையைக் கீழே வைத்து, பூட்டைக்கூடப் பார்க்காமல் "ஃபூ" என்றார்.

க்ளிக்.

"வாங்க மாப்ளே, ஏன் வெளியேயே நிக்கிறீங்க?" என்று தன் வீட்டுக்கு விருந்தாளியை அழைப்பதுபோல் அழைத்துவிட்டு உள்ளே போனார்.

கடவுளே வந்தாலும் திறக்காது என்றாரே! மாப்பிள்ளைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அது மழையினால் மட்டும் இல்லை. அன்று முதல் அவர் மாமியார் எதிரில் கால்மேல் கால் போட்டு உட்காரவில்லை.

ஆனால் சந்தேகம் மனிதனைச் சும்மா விடுமா? அத்தை ஊதினால் திறக்கிற பூட்டு மற்றவர் ஊதினால் ஏன் திறக்கக் கூடாது? மறுநாள் காலை யாரும் இல்லாத நேரம் பார்த்து வாசலில் நின்று, கதவைச் சாத்திவிட்டு ஊதினார். சின்னதாக ஊதினார், பெரிதாக ஊதினார். வாயைக் குவித்து ஊதினார், உள்ளங்கையைக் குழலாக்கி ஊதினார். "ஹா" என்று ஆவி விட்டுப் பார்த்தார். கண் இருட்டியதுதான் மிச்சம். பூட்டு அசையவில்லை.

"என்ன தம்பி, பூட்டுக்கு ரொம்பச் சூடா இருக்கா?"

எதிர்வீட்டம்மா. செயலாளரின் மனைவி. குப்பைக் கூடையோடு வந்தவர் எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ.

"தூசிம்மா" என்றார் மாப்பிள்ளை.

ஆனால் அன்று மத்தியானமே எதிர்வீட்டம்மாவுக்கு முழு விவரமும் தெரிந்துவிட்டது. மாமியார்தான் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் ஊதியும் காட்டினார். க்ளிக் என்ற சத்தத்தில் எதிர்வீட்டம்மா இரண்டு அடி பின்னால் போய்த் தன் வீட்டுக் கதவில் இடித்துக்கொண்டார். பிறகு எண் மறந்துபோன ஒரு சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாமியார் அதையும் ஊதினார். அது திறக்கவில்லை. "எனக்கு இரும்புதான் கேட்கும், ரெக்ஸின் கேட்காது" என்று மாமியார் விளக்கம் சொல்ல, எதிர்வீட்டம்மா அதையும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார்.

மாப்பிள்ளையின் காதுக்கும் இது எட்டியது. மனைவி வேலையிலிருந்து திரும்புகிறவரைகூடப் பொறுக்காமல் அவளைக் கைபேசியில் கூப்பிட்டார்.

"உங்கம்மா செயலாளர் சம்சாரத்துக்கே ஊதிக் காட்டியிருக்காங்க!"

"சரி, நல்லா இருந்துச்சாமா?"

"என் வேலை போயிடும்!"

"அம்மாவை வாசலுக்கு வராம இருக்கச் சொல்லுங்க."

"நானா? நான் எப்படி அவங்ககிட்ட?" என்றார் மாப்பிள்ளை. குரல் அவரறியாமல் தாழ்ந்தது. "அவங்க சாதாரணப்பட்டவங்க இல்ல."

"நீங்க நல்லா தூங்கி எத்தனை நாளாச்சு?" என்று கேட்டாள் மனைவி.

கடைசி அஸ்திரமாகச் சனிக்கிழமை பூட்டையே மாற்றினார்கள். கடையில் இருந்ததிலேயே உசத்தியான மாடல். சர்வீஸ்காரர் நேரில் வந்து பொருத்தினார். பொருத்தும்போதே அதன் பெருமையைச் சொன்னார்: இது தோலுக்கு அடியில் பார்க்கும், உயிருள்ள விரலா என்று பார்க்கும், ரத்த ஓட்டம் இருந்தால்தான் திறக்கும்.

உள்ளேயிருந்து திறக்க ஜன்னலுக்குக் கீழே சுவரில் இருந்த பச்சைப் பொத்தானை மட்டும் மாற்றவில்லை. அதற்கு வந்த ஒயரை அப்படியே புதுப் பூட்டில் சேர்த்தார். "கொஞ்சம் காலை நகர்த்திக்கங்க பெரியவரே" என்றார். மாமனார் காலை நகர்த்திக்கொண்டார்.

பிறகு சோதனை தொடங்கியது. மாப்பிள்ளையின் கட்டைவிரலைப் பசையில் அச்செடுத்து சர்வீஸ்காரர் ஒரு ரப்பர் விரலே செய்துகொண்டு வந்திருந்தார். அதைப் பார்க்க மாப்பிள்ளைக்கு என்னவோ போல் இருந்தது. தன் உடம்பிலிருந்து ஒரு துண்டு தன்னைக் கேட்காமலே ஊர்சுற்றப் போய்விட்டு வந்த மாதிரி. முதலில் கழற்றிப் போட்ட பழைய பூட்டில் அதை வைத்தார்கள்.

"நல்வரவு" என்றது பழைய பூட்டு, ரப்பரைப் பார்த்து.

மாப்பிள்ளை பழைய பூட்டைக் கவிழ்த்து வைத்தார். எத்தனை சாயங்காலம் இதற்காகக் காபியை ஆறவிட்டிருக்கிறார்!

புதுப் பூட்டில் வைத்தார்கள். "அடையாளம் தெரியவில்லை." ஒட்டுநாடாவில் எடுத்த ரேகை. "அடையாளம் தெரியவில்லை." சர்வீஸ்காரர் ஊதினார், மாப்பிள்ளை ஊதினார், இருவரும் சேர்ந்து ஊதினார்கள். பூட்டு சீண்டவே இல்லை. மாப்பிள்ளையின் நிஜ விரலை வைத்ததும், "நல்வரவு."

"கில்லாடி சார் இது!" என்று சர்வீஸ்காரர் பூட்டைத் தட்டிக்கொடுத்தார்.

மாப்பிள்ளைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இன்னும் ஒரே ஒரு சோதனை. மாமியாரை வாசலுக்கு அழைத்தார். மனைவியையும் சாட்சிக்கு வெளியே கூட்டி வந்தார். கதவைச் சாத்தினார். பூட்டைப் பளபளவென்று துடைத்தார்.

மாமியாருக்கு அன்று கொஞ்சம் ஜலதோஷம். மூக்கடைத்திருந்தது. "இன்னைக்கு வருமான்னு தெரியலையே" என்று தயங்கிக்கொண்டே, அரைகுறையாக ஒரு "ஃபூ."

க்ளிக்.

நாலு பேரும் அப்படியே நின்றார்கள். மாடிப்படி ஜன்னல் வழியாக வெயில் விழுந்து மாமியாரின் நரைமுடியில் பட்டுக்கொண்டிருந்தது. சர்வீஸ்காரர் கையிலிருந்த ரப்பர் விரல் கீழே விழுந்து படியில் உருண்டது. யாரும் எடுக்கப் போகவில்லை.

"அம்மா" என்று ஆரம்பித்த சர்வீஸ்காரர், அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியாமல், கும்பிட்டுவிட்டு, தன் கருவிப் பையைக்கூட மறந்துவிட்டுப் போய்விட்டார். தொழிலில் அவர் பேச்சில்லாமல் வெளியேறிய ஒரே வீடு அதுதான்.

உள்ளே வந்த மாப்பிள்ளை, யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்பதற்காக, மாமனாரின் காதருகில் குனிந்து கத்தினார். "பார்த்தீங்களா மாமா?"

"ம்" என்று மாமனார் பேப்பரைத் திருப்பினார்.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை மாமியார் முன்னால் கைகட்டி நின்றார்.

"அத்தை, நாளைக்கு ஒரு நாள். உங்க சக்தி எனக்குத் தெரியும். ஆனா செயலாளரும் முதலாளியும் வர்ற நேரத்துல, நீங்க இதைப் பத்தி மூச்சு விடக் கூடாது. மூச்சு விட்டீங்கன்னா என் வேலை போயிடும்."

மாமியாருக்கு மாப்பிள்ளைமேல் பிரியம் உண்டு. கண் கலங்கியது. "என் மூச்சால உங்க பொழப்பு கெடுமா? நீங்க சொன்னா அப்புறம் என்ன, விடவே மாட்டேன்" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். எதற்கும் இருக்கட்டும் என்று அவரை மகளோடு துணிக்கடைக்கு அனுப்பவும் ஏற்பாடாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை. முதலாளி சலவைச் சட்டையில் வந்தார். செயலாளர் எதிர்வீட்டிலிருந்து நாலடி நடந்து வந்தார், ஏதோ வெளியூர் ஆய்வுக்கு வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. அவர் மனைவி, தான் எதிலும் தலையிடப் போவதில்லை என்பதற்கு அடையாளமாக, தன் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

பூட்டு அன்று ஜொலித்தது. செயலாளர் தன் விரலை வைத்தார். "அடையாளம் தெரியவில்லை." ரப்பர் விரல் தோற்றது. ஒட்டுநாடா தோற்றது. செயலாளர் தன் பங்குக்கு மாப்பிள்ளையின் கட்டைவிரலைக் கைபேசியில் படம் பிடித்துப் பூட்டுக்குக் காட்டினார். அதுவும் தோற்றது.

"எமனே வந்தாலும் மணியடிச்சுட்டுத்தான் நிக்கணும்" என்றார் முதலாளி.

செயலாளர் தலையாட்டினார். "பிரமாதம்தான். ஆனா ஒரு விஷயம்." குரலைத் தாழ்த்தினார். "உங்க மாமியார் ஊதினா திறந்துடுதாமே?"

எதிர்வீட்டம்மா கூரையைப் பார்த்தார்.

முதலாளி மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை சிரிக்க முயன்றார். "அது சும்மா வதந்தி சார். யாரோ கிளப்பி விட்டிருக்காங்க."

அப்போது படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது.

மகள் புடவைக் குவியலுக்குள் மூழ்கிவிட, காத்திருந்து கால் கடுத்த மாமியார் தனியாகக் கிளம்பி வந்துவிட்டார். லிஃப்ட் வேலை செய்யவில்லை. கீழே நிற்கும்போதே மாடியிலிருந்து ஆண்களின் குரல் கேட்டிருக்கிறது. அவருக்குத் தன் சத்தியம் நினைவுக்கு வந்துவிட்டது. அதனால் கீழ்ப்படியிலேயே மூச்சை நன்றாக இழுத்து, வாயை இறுக்க மூடி, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏற ஆரம்பித்தார். மூச்சு விடக் கூடாது என்றால் விடக் கூடாது. பெண் கொடுத்த இடத்தில் வாக்குத் தவற முடியுமா?

மாடிக்கு வந்தபோது அவர் முகம் சிவந்து நீலமாகிக்கொண்டிருந்தது. கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. கண்கள் மாப்பிள்ளையைப் பார்த்து, 'சீக்கிரம் இவங்களை அனுப்புங்க' என்று கெஞ்சின.

"அம்மாவுக்கு என்ன ஆச்சு?" என்றார் செயலாளர் பதறிப்போய்.

"அத்தை!" என்றார் மாப்பிள்ளை. அந்தக் கணத்தில் வேலை, ஆர்டர், முதலாளி எல்லாம் மறந்துபோனது. இந்த மனுஷி தனக்காக உயிரையே கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது. "அத்தை, போனாப் போகுது! மூச்சு விடுங்க!"

மாமியார் விட்டார்.

"ஃஃஃபூ!"

மூன்று மாடி ஏறிய மூச்சு. முதலாளியின் நெற்றிமுடி பறந்தது.

க்ளிக்.

கதவு விலகியது.

முதலாளியின் கை, இல்லாத சாவியைத் தேடித் தன் சட்டைப் பையைத் தடவியது. செயலாளர் மெல்லச் செருப்பைக் கழற்றினார், எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது. மாமியார் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க, அவர் எங்கே மறுபடி ஊதிவிடுவாரோ என்று எல்லாரும் ஓர் அடி பின்வாங்கினார்கள். மாப்பிள்ளை கண்களை மூடிக்கொண்டார். வேலை போய்விட்டது. ஆனால் இப்படி ஒன்றைக் கண்ணால் பார்க்கக் கொடுத்து வைத்திருக்கிறதே என்றும் உள்ளுக்குள் ஒரு மூலையில் தோன்றியது.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு கையில் பேப்பரும் மறுகை பச்சைப் பொத்தானிலுமாக, மாமனார் எட்டிப் பார்த்தார்.

"என்ன எல்லாரும் அப்படியே நிக்கிறீங்க? கல்யாணமான நாள்லேருந்து இவ வாசல்ல வந்து மூச்சு விட்டா நான்தான் எழுந்து ஓடிப் போய்க் கதவைத் திறப்பேன். இங்க உட்கார்ந்த இடத்துலேயே அமுக்கினாப் போதுது. பிரமாதமான பூட்டு, மாப்ளே!"